கைப்படச் செய்து கொடுக்க: தையல் டீச்சர் பதில்கள்

ஆடி கழிந்ததும் எனக்கு வரும் கடிதங்களின் போக்கே மாறிவிடும். ஜாக்கெட் கழுத்து, சுடிதார் அளவு எல்லாம் பின்னால் போய்விடும். "கொலுவுக்கு வருகிறவர்களுக்கு என்ன கொடுக்கலாம், தீபாவளிக்கு என்ன செய்யலாம், கிறிஸ்துமஸுக்கு ஏதாவது சொல்லுங்கள்" என்று ஆரம்பிப்பார்கள். இந்த இதழ்ப் பக்கங்கள் முழுக்க அவர்களுக்குத்தான். பாளையங்கோட்டைப் பள்ளிக்கூடத்தில் தையல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். அதனால் பதில்களில் துணியும் நூலும் கொஞ்சம் தூக்கலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டுக் கொலுவுக்கு ஐம்பது பேராவது வருவார்கள். போன வருஷம் பிளாஸ்டிக் டப்பா கொடுத்தேன். இந்த முறை நானே ஏதாவது செய்து கொடுக்க ஆசை. மிஷின் இருக்கிறது, சுமாராகத் தைப்பேன்.
– வாசகி, ஸ்ரீரங்கம்

தாம்பூலப் பை தையுங்கள். வெற்றிலை பாக்கை எப்படியும் எதிலாவது போட்டுத்தானே கொடுக்க வேண்டும்? அந்த 'எதிலாவது' உங்கள் கையால் தைத்ததாக இருக்கட்டும்.

துணி வாங்கக் கடைக்கு ஓடாதீர்கள். பீரோவைத் திறந்து பாருங்கள். வருஷா வருஷம் கைமாறி வந்த ரவிக்கைத் துணி ஒரு அடுக்கு இருக்கும். அதை யாரும் தைத்துப் போடப் போவதில்லை என்று உங்களுக்கும் தெரியும், கொடுத்தவருக்கும் தெரியும். அதில்தான் கத்திரியை வைக்க வேண்டும்.

துணி 80 சென்டிமீட்டர் நீளம், 36 அங்குல அகலம் என்று வைத்துக்கொள்வோம். முதலில் 21 அங்குல நீளத்தை வெட்டி எடுங்கள். அதை அகலவாக்கில் 8 அங்குலமாகப் பிரித்தால் நாலு பைக்கான துண்டு கிடைக்கும். பாக்கி பத்து அங்குலச் சொச்சம் இருக்கிறதே, அதை இரண்டரை அங்குலப் பட்டிகளாக நாலு வெட்டி, ஒவ்வொரு பட்டியையும் நடுவில் நறுக்குங்கள். 18 அங்குலத்தில் எட்டுக் கைப்பிடி வந்துவிடும். ஒரு ரவிக்கைத் துணிக்கு நாலு பை. ஐம்பது பைக்குப் பதின்மூன்று துணி போதும். வெட்டுவதற்கு முன்னால் தண்ணீரில் அலசி, காயவைத்து, இஸ்திரி போட்டுவிடுங்கள். சாயம் போகிற துணி அப்போதே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

கைப்பிடிப் பட்டியை நாலாக மடித்து ஓரம் அடியுங்கள். பை வாயை அரை அங்குலம், அப்புறம் ஒரு அங்குலம் என்று இரண்டு மடிப்பாக மடித்து, கைப்பிடி நுனியை மடிப்புக்குள் செருகி, சதுரமாகப் பெட்டித் தையல் போடுங்கள். பக்கங்களுக்குப் பிரெஞ்ச் தையல். அதாவது, நல்ல பக்கம் வெளியே தெரிகிற மாதிரி வைத்துக் கால் அங்குலத்தில் ஒரு தையல், உள்ளே திருப்பிப் போட்டு இன்னொரு தையல். பிசிறு முழுக்க உள்ளே அடங்கிவிடும், ஓவர்லாக் தேடி அலைய வேண்டாம். 7க்கு 9 அங்குலத்தில் பை தயார்.

ஒவ்வொரு பையாக முடித்துக்கொண்டு போகாதீர்கள், அலுத்துவிடும். ஒரு நாள் வெட்டு மட்டும். இன்னொரு நாள் கைப்பிடி மட்டும். கடைசியில் பக்கத் தையலை ஒரே மூச்சில் அடித்து, நூலைக்கூட அறுக்காமல் ஒன்றன்பின் ஒன்றாக விட்டுக்கொண்டே போகலாம்.

ஜரிகை, கண்ணாடி, முத்து, குஞ்சம் எதுவும் ஒட்டாதீர்கள். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து ஒருமுறை போட்டு எறிகிற பிளாஸ்டிக் பைக்குத் தடை இருக்கிறது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' என்று அரசாங்கமே இயக்கம் ஆரம்பித்தது. அப்படியும் மருந்துக்கடையிலும் பூக்கடையிலும் பை இல்லாமல் போய் நிற்கிறோம். ஒட்டு வேலை இல்லாத பையென்றால் சுருட்டிக் கைப்பையில் போட்டுக்கொள்ளலாம், துவைக்கலாம். கண்ணாடி பதித்த பை பரணுக்குத்தான் போகும். அப்புறம் ஒன்று: வெற்றிலையை ஈரத்தோடு வைக்காதீர்கள். சுண்டலுக்குத் தனியாக வாழையிலைப் பொட்டலம் கட்டிவிடுங்கள். எண்ணெய்க்கறை படிந்த பையை யாரும் இரண்டாவது தடவை எடுக்க மாட்டார்கள்.

கையால் செய்து கொடுத்தால் கஞ்சத்தனம் என்று சொந்தக்காரர்கள் பேச மாட்டார்களா?
– வாசகி, திண்டுக்கல்

பேசுவார்கள். வெள்ளிக் குங்குமச் சிமிழ் கொடுத்தாலும் எத்தனை கிராம் என்று பேசுவார்கள். எப்படியும் பேச்சு வரப்போகிறது, துணிந்து செய்யுங்கள். ஆனால் மஞ்சள் நீராட்டு, வளைகாப்பு மாதிரி முறை செய்கிற இடத்தில் முறைப்படி செய்யவேண்டியதைச் செய்துவிட்டு, அதற்கு மேலேதான் கைவேலையைக் கொடுக்க வேண்டும். முறைக்குப் பதிலாகக் குரோஷாப் பூ கொடுத்தால் எங்கள் மதினியே என்னை விடமாட்டார்.

அகல்விளக்குக்குப் பெயின்ட் அடித்துத் தோழிகளுக்குக் கொடுக்கிறேன். விளக்கேற்றிய அன்றே பெயின்ட் உரிந்துவிட்டதாகச் சொல்கிறார்கள். சில விளக்கு எண்ணெயையும் குடித்துவிடுகிறது.
– கல்லூரி மாணவி, மதுரை

இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான் கண்ணே. மண் உறிஞ்சும். புது அகலை ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறப்போட வேண்டும் என்று வீட்டில் சொல்லியிருப்பார்கள். அதைச் செய்துவிட்டு ஈரம் போகாமல் பெயின்ட் அடித்தால், உள்ளே இருக்கிற ஈரம் வெளியே வரும்போது பெயின்டையும் தள்ளிக்கொண்டு வரும். ஊறப்போட்டு எடுத்த விளக்கை நல்ல வெயிலில் இரண்டு நாள் காயவிடுங்கள். பிறகு வெளிப்பக்கம் மட்டும் வெள்ளை பிரைமர் ஒரு பூச்சு, காய்ந்ததும் அக்ரிலிக் கலர்.

உள்பக்கம் தொடாதீர்கள். திரி நிற்கிற மூக்குப் பக்கத்தையும் விட்டுவிடுங்கள். அங்கே சூடு பட்டுக் கருகும், நாற்றமும் வரும். குந்தன் கல்லையும் பஞ்சு நூலையும் மூக்குக்குப் பக்கத்தில் ஒட்டி விற்கிறார்கள், அது அழகுக்கு வைக்கிற விளக்கு, ஏற்றுகிற விளக்கு இல்லை. நீங்கள் ஏற்றுகிற விளக்காகவே கொடுங்கள். ஐந்து அகல், கூடவே நீங்களே பஞ்சில் திரித்த ஒரு கட்டுத் திரி. வாங்குகிறவர்களுக்குத் திரிதான் முதலில் தீரும், உங்களை நினைப்பார்கள்.

என் பாட்டி பழைய பேப்பரை அரைத்துக் கூடை செய்வாராம். அம்மாவுக்கு அரைகுறையாகத்தான் ஞாபகம் இருக்கிறது. தீபாவளிக்கு அதில் பலகாரம் வைத்துக் கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். பக்குவம் சொல்வீர்களா?
– வாசகி, கும்பகோணம்

இந்தக் கடிதத்தைப் பார்த்ததும் எனக்குக் கை ஊறியது. பேப்பர்கூழ்க் கூடை இல்லாத வீடே ஒரு காலத்தில் இல்லை. உரித்த பூண்டு, வெங்காயம், வற்றல் எல்லாம் அதில்தான் கிடக்கும்.

செய்தித்தாளை மட்டும் எடுங்கள். பளபளவென்று இருக்கிற வாரப் பத்திரிகைத் தாள் ஊறாது (இதை வாரப் பத்திரிகையிலேயே எழுதுகிறேன், ஆசிரியர் மன்னிக்க). விரல் அகலத்துக்குக் கிழித்துத் தண்ணீரில் போட்டு இரண்டு மூன்று நாள் ஊறவிடுங்கள், தினமும் தண்ணீர் மாற்றுங்கள். வெந்தயத்தைத் தனியாக ஊறவைக்க வேண்டும். ஒரு வாளி பேப்பருக்கு இரண்டு கை வெந்தயம் என்பது என் கணக்கு. வெந்தயத்தின் வழவழப்புதான் கூழைப் பிடித்து வைக்கிறது. அதன் கசப்புக்குப் பூச்சி சீக்கிரம் கிட்டே வராது. பேப்பரைப் பிழிந்து, வெந்தயத்தோடு சேர்த்து ஆட்டுரலிலோ கிரைண்டரிலோ வெண்ணெய் மாதிரி ஆட்டுங்கள். மிக்சிதான் இருக்கிறது என்றால் தண்ணீர் தாராளமாக விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக அரைத்துவிட்டு, பிறகு துணியில் கட்டிப் பிழிந்துகொள்ளுங்கள். கெட்டியாகப் போட்டு ஓட்டினால் மோட்டார் புகையும். இழுத்தால் நார் தெரியக் கூடாது. பாதிப் பேர் ஆட்டுவதில் அவசரப்பட்டுத்தான் கூடையைச் சொரசொரவென்று ஆக்கிவிடுகிறார்கள்.

அச்சுக்கு வாய் அகன்ற பாத்திரம் வேண்டும். அடி குறுகி வாய் விரிந்த எவர்சில்வர் சட்டி நல்லது. குடம் வேண்டுமென்றால் அடிப்பாதி மட்டும். கழுத்து வரைக்கும் பூசினால் கூடையை உடைத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும். சட்டியைக் கவிழ்த்து, மேலே ஈரத்துணியைச் சுருக்கம் இல்லாமல் விரித்து, கூழை அடியிலிருந்து ஆரம்பித்து அரை விரல் கனத்துக்கு அப்பிக்கொண்டே வாருங்கள். உள்ளங்கையைத் தண்ணீரில் நனைத்துத் தடவினால் வழுவழுப்பாகும். விளிம்பு மட்டும் கொஞ்சம் கூடுதல் கனமாக இருக்கட்டும், அங்கேதான் பிடித்துத் தூக்குவார்கள்.

முதல் நாள் நிழலில் வையுங்கள். எடுத்த எடுப்பில் வெயிலில் வைத்தால் வெளியே காய்ந்து உள்ளே ஈரம் நிற்கும், விரிசல் விடும். மேல்பக்கம் இறுகியதும் சட்டியிலிருந்து கழற்றி, துணியை உரித்துவிட்டு, நாலைந்து நாள் வெயிலில் திருப்பித் திருப்பிக் காயவிடுங்கள். விரலால் சுண்டினால் அட்டைப்பெட்டிச் சத்தம் வர வேண்டும். பிறகு மெல்லிய வெள்ளைத் தாளை மைதாப் பசையில் நனைத்து உள்ளும் புறமும் ஒரு சுற்று ஒட்டி, மேலே உங்களுக்குப் பிடித்த கலர். என் ஓட்டு காவி நிறத்துக்கும் வெள்ளைக் கோலக்கோட்டுக்கும்.

உங்கள் கடிதத்தில் 'தீபாவளிக்கு' என்று இருக்கிறது பாருங்கள், அங்கேதான் கவனம். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் வெயிலை யாரிடம் போய்க் கடன் கேட்பது? காயாத கூழில் பூஞ்சணம் பிடித்துக் கறுப்புக் கறுப்பாகப் புள்ளி வரும், எந்தப் பெயின்டும் அதை மறைக்காது. புரட்டாசி வெயிலிலேயே எல்லாக் கூடையையும் காயவைத்து எடுத்துவிடுங்கள், கலர் அடிப்பதை மழையில் உட்கார்ந்து செய்யலாம். பலகாரத்தை நேரடியாக வைக்க வேண்டாம், வாழையிலையோ வெண்ணெய்த்தாளோ போட்டு அதன்மேல் முறுக்கை அடுக்குங்கள். அதிரசமும் ஜாங்கிரியும் டப்பாவிலேயே இருக்கட்டும்.

ஐ.டி. வேலை. ஞாயிறு மதியம் இரண்டு மணி நேரம்தான் எனக்குச் சொந்தம். தையல் தெரியாது, கலர் அடிக்க வராது. என்னால் என்ன முடியும்?
– வாசகி, சோழிங்கநல்லூர்

மொய்க்கவர். வீட்டில் பழைய கல்யாணப் பத்திரிகைகள் கட்டுக் கட்டாகக் கிடக்குமே, எறியவும் மனம் வராமல் வைக்கவும் இடமில்லாமல்? அதில் கனமான தாளை எடுத்துக்கொள்ளுங்கள்.

500 ரூபாய் நோட்டு 15 செ.மீ. நீளம், 6.6 செ.மீ. அகலம். கவர் 17க்கு 8 செ.மீ. இருந்தால் நோட்டு மடங்காமல் உள்ளே போகும். அதற்கு 20க்கு 18.5 செ.மீ. தாள் வெட்டுங்கள். 18.5ஐ முன்பக்கம் 8, பின்பக்கம் 7.5, மேல்மூடி 3 என்று பென்சிலால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு ஓரத்திலும் ஒன்றரை செ.மீ. ஒட்டுப்பட்டி. அதைப் பின்பக்கத்துக்கு மட்டும் விட்டுவிட்டு, மற்ற இடத்தில் வெட்டி எடுத்துவிடுங்கள். மடிப்பு விழ வேண்டிய கோட்டில் மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவை அழுத்தி ஓட்டினால் கனமான அட்டையும் நூல் பிடித்தாற்போல மடியும். பிள்ளையாரும் மாப்பிள்ளை பெயரும் மடிப்பில் வராமல் பார்த்து வெட்டுங்கள். யாரோ ஒருவருடைய முகூர்த்த நேரம் கவரின் முதுகில் இருந்தால் நன்றாகவா இருக்கும்?

மூடியில் ஒரு ரூபாய்க் காசை ஒட்டிக் கொடுப்பது நம் வழக்கம். பசை போட்டு ஒட்டாமல், சின்னப் பிளவு இரண்டு வெட்டி அதில் காசைச் செருகுங்கள். பத்துக் கவரை ஒரு கட்டாக, வாழைநாரால் கட்டிக் கொடுத்தால் தீபாவளி முடிந்து வரும் ஐப்பசி, தை முகூர்த்தத்துக்கெல்லாம் அவர்களுக்கு உதவும். ராத்திரி எட்டு மணிக்குக் கவர் தேடி அலைந்தவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

அம்மாவிடம் கற்றுக்கொண்டு நன்றாகக் குரோஷா போடுவேன். ஆனால் டி.வி. கவரும் டீப்பாய் விரிப்பும் இன்று யாருக்கு வேண்டும்? கிறிஸ்துமஸுக்கு எதைப் போட்டுக் கொடுப்பது?
– வாசகி, நாகர்கோவில்

டி.வி.யே சுவரோடு ஒட்டிக்கொண்டுவிட்டது, கவரை எங்கே போய்ப் போர்த்துவது! ஆனால் நீங்கள் இருக்கிற ஊரைப் பாருங்கள். 1820களில் மார்த்தா மால்ட் என்ற மிஷனரிப் பெண்மணி பெண்பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தது நாகர்கோவிலில்தான். அவர் மகள் எலைசா, ராபர்ட் கால்டுவெல்லை மணந்து எங்கள் நெல்லைப் பக்கம் இடையன்குடிக்கு வந்தபோது அந்த வேலையும் கூடவே வந்தது. அது தலையணையில் ஊசி குத்தி, நூல் சுற்றிய கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுகிற வகை, உங்கள் கொக்கி ஊசி வேலை வேறு. ஆனாலும் அவர்கள் செய்ததில் ஒரு புத்தி இருக்கிறது. லேஸைத் தனியாகக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கவில்லை. உடுப்பு ஓரத்திலும் துணி ஓரத்திலும் வைத்தார்கள். புழங்குகிற பொருளின் விளிம்பில் போய் உட்கார்ந்துகொண்டதால்தான் அதற்கு மதிப்பு.

நீங்களும் விளிம்புக்கு வாருங்கள். பெண்கள் கைக்குட்டை, பருத்தி முகத்துண்டு, தலையணை உறை. 20ஆம் நம்பர் பருத்தி நூல், ஒரு மில்லிமீட்டர் அல்லது ஒன்றேகால் மில்லிமீட்டர் ஊசி. கைக்குட்டையை முன்கூட்டியே துவைத்துவிட வேண்டும். இல்லையென்றால் துணி ஒரு பக்கம் சுருங்க, லேஸ் ஒரு பக்கம் தொங்கும். சுற்றிலும் முதல் வரிசை போட்டு வரும்போது மூலைத் துளையில் மட்டும் மூன்று முறை போடுங்கள். அங்கே கஞ்சத்தனம் பார்த்தால் மூலை கிண்ணம் மாதிரி குவிந்துகொள்ளும். அரை அங்குல அகலத்துக்கு மேல் வேண்டாம். கைக்குட்டையில் முகம் துடைக்கவும் கொஞ்சம் இடம் விட வேண்டுமல்லவா?

என் மகனுக்குப் பதினாலு வயது. கடையில் விற்கிற பிளாஸ்டிக் ஸ்டார் பிடிக்கவில்லை, தாத்தா செய்த மாதிரி குச்சி ஸ்டார் செய்து அத்தை வீடுகளுக்கெல்லாம் கொடுக்கப்போகிறேன் என்கிறான். எனக்கு முறை தெரியாது.
– வாசகர், மார்த்தாண்டம்

பையனுக்கு ஒரு சபாஷ். மூங்கிலைப் பிளந்து விரல் அகலக் குச்சியாகச் சீவிக்கொள்ளுங்கள். சிலாம்பு கையில் ஏறும், கத்தி வேலையை நீங்கள் செய்யுங்கள். ஒன்றரை அடி நீளத்தில் பத்துக் குச்சி, நாலைந்து அங்குலத்தில் ஐந்து குச்சி. பெரிய குச்சிகள் எல்லாம் ஒரே அளவாக இருக்க வேண்டும். ஒன்று நீண்டாலும் ஸ்டார் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும்.

பேனாவைத் தூக்காமல் ஐந்து கோட்டில் நட்சத்திரம் போடுவோமே, அந்த ஐந்து கோடுதான் ஐந்து குச்சி. அதே வரிசையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடத்தி, நுனிகளைச் சணலால் கட்டுங்கள். இதேபோல் இரண்டு. இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, ஐந்து நுனிகளை மட்டும் சேர்த்துக் கட்ட வேண்டும். நடுவில் குச்சிகள் குறுக்கே போகிற ஐந்து இடம் இருக்கும். அங்கே இரண்டு நட்சத்திரத்துக்கும் நடுவில் சின்னக் குச்சியை முட்டுக் கொடுத்துக் கட்டினால், தட்டையாகக் கிடந்தது வயிறு உப்பி எழுந்து நிற்கும். பையன் முகத்தை அந்த நேரத்தில் பார்க்க வேண்டும்.

பட்டம் ஒட்டுகிற மெல்லிய கலர்த் தாளை மைதாப் பசையால் ஒட்டுங்கள். பூச்சி வராமல் இருக்கப் பசையில் துத்தம் போடுவது பழைய பழக்கம். அது விஷம், பிள்ளைகள் கைவைக்கிற பசையில் வேண்டாம். பின்பக்க நடு ஐங்கோணத்தை ஒட்டாமல் விடுங்கள், பல்பு அந்த வழியாகத்தான் உள்ளே போகும். சூடாகாத சின்ன எல்.இ.டி. மட்டும் போடுங்கள், பழைய குண்டு பல்பு தாளைப் பொசுக்கிவிடும். டிசம்பர் பிறந்ததும் மாட்டிவிடுவார்கள், அப்போது உங்கள் பக்கம் மழையும் இருக்கும். அத்தைமார்களிடம் வராண்டாவுக்குள் தொங்கவிடச் சொல்லிக் கொடுங்கள்.

மகள் மெல்பர்னில் இருக்கிறாள். பொங்கலுக்கு மணப்பாட்டுப் பனையோலைப் பெட்டியும், நானே கட்டிய நெற்கதிர்க் குஞ்சமும் பார்சல் அனுப்பலாமா?
– வாசகி, தூத்துக்குடி

கதிர்க்குஞ்சத்தை அனுப்பாதீர்கள். ஆஸ்திரேலியாவில் விதை, வைக்கோல், உலர்ந்த இலைதழை விஷயத்தில் ரொம்பக் கண்டிப்பு. தபாலில் வருவதையும் சோதிப்பார்கள். ஓலைப்பெட்டி, மரப்பொருள் எல்லாம் என்ன என்று மறைக்காமல் எழுதி அனுப்ப வேண்டும், அப்படியும் நிறுத்தி வைத்துப் பார்க்கலாம். வீண் கவலை எதற்கு? நெல்மணி அச்சாகத் தையல் போட்ட ஒரு மேஜைத்துணி, சங்கிலித் தையலில் கரும்பும் பானையும் போட்ட தலையணை உறை, இப்படித் துணியும் நூலுமாக அனுப்புங்கள். பெட்டிக்குள் அடைசலுக்கு வைக்கோல் வைக்காதீர்கள், பழைய புடவையைக் கிழித்து வையுங்கள். அதையும் அவள் எடுத்து வைத்துக்கொள்வாள்.

குஞ்சத்தை உங்கள் வீட்டு வாசலிலேயே கட்டுங்கள். குருவி வந்தால் போட்டோ எடுத்து அனுப்பலாம்.

கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். மூன்று பெண்களைக் கட்டிக்கொடுத்துவிட்டேன். தீபாவளிச் சீரோடு என் கையால் ஒன்று கொடுக்க ஆசை. ஆம்பிளை செய்கிற மாதிரி கைவேலை ஏதாவது உண்டா?
– வாசகர், ராஜபாளையம்

திருப்பூரில் போய்ப் பாருங்கள் அண்ணாச்சி, மிஷினில் உட்கார்ந்திருப்பதில் எத்தனை ஆம்பிளைகள் என்று. சரி, உங்களுக்கு வயர் கூடை. விரலுக்குப் பலம் வேண்டும், கணக்கும் வேண்டும். சில்லறை எண்ணிப் பழகிய கைக்கு அது சுலபம்.

வயர் ரோல் கணக்கில் விற்பார்கள். மூன்று கூடைக்கும் தேவையானதை ஒரே நாளில் ஒரே கடையில் வாங்கிவிடுங்கள். பாதியில் தீர்ந்து இன்னொரு ரோல் வாங்கினால் அதே பச்சை வேறு பச்சையாக இருக்கும். எல்லா வயரையும் ஒரே நீளத்துக்கு வெட்டி வைத்துக்கொள்ள வேண்டும். கூடையைச் சுற்றிச் சுற்றி ஓடுகிற வயர் மட்டும் வெட்டாத நீள வயர். நெல்லிக்காய் முடிச்சு, சிவன் கண் என்றெல்லாம் சொல்வார்கள், மயங்காதீர்கள். முதல் கூடைக்குச் சாதா முடிச்சுப் போதும். கூடையின் அடிப்பாகத்தைப் பின்னி முடித்ததும் எதிரெதிர்ப் பக்கத்து முடிச்சை எண்ணிப் பாருங்கள். அங்கே ஒன்று தவறினால் மேலே ஏற ஏறக் கூடை கோணும். முடிச்சை எல்லாம் ஒரே இறுக்கத்தில் இழுக்க வேண்டும், முதலில் கொஞ்ச நாளைக்கு ஆள்காட்டி விரலில் பிளாஸ்திரி சுற்றிக்கொள்ளுங்கள். வயர் விறைப்பாக இருந்தால் சிறிது நேரம் வெயிலில் போட்டு எடுத்தால் இளகும்.

பெரிய பெண்ணுக்கு ஒரு கலர், சின்னவளுக்கு இன்னொரு கலர் என்று வித்தியாசம் காட்டலாம். அளவில் மட்டும் காட்டாதீர்கள், மருமகன்கள் கவனிப்பார்கள்.

மூன்றாம் வகுப்பு படிக்கும் பேத்தி தன் டீச்சருக்குக் குன்றிமணி மாலை கோத்துக் கொடுக்க வேண்டும் என்கிறாள். கோக்கலாமா?
– வாசகி, தென்காசி

வேண்டவே வேண்டாம். பிள்ளையார் கண்ணுக்கு வைக்கிறோம் என்பதால் சாதுவாகத் தெரிகிறது. ஆனால் குன்றிமணிக்குள் இருப்பது கடும் விஷம். முழு விதையின் ஓடு கெட்டி, துளை போட்டாலோ உடைத்தாலோதான் ஆபத்து. மாலை கோக்க வேண்டுமென்றால் துளைதான் போட வேண்டும். சிவப்பு விதைதான் வேண்டும் என்று அடம்பிடித்தால், மஞ்சாடியைத் துளை போடாமல் அட்டையில் பூவாக ஒட்டச் சொல்லுங்கள், அதையும் வாயில் வைக்காமல் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளுங்கள். ஒட்டுவது கோணலாக இருந்தால் நீங்கள் திருத்தாதீர்கள். முப்பது வருஷம் பிள்ளைகளிடம் பரிசு வாங்கியவள் சொல்கிறேன், எது பிள்ளை செய்தது, எது வீட்டில் செய்துகொடுத்தது என்று டீச்சருக்குப் பார்த்ததும் தெரியும்.

இத்தனையும் செய்துவிட்டு நல்லதாக ஒரு ஜிகினாத் தாளில் சுற்றிக் கொடுத்தால்தானே எடுப்பாக இருக்கும்?
– வாசகி, ஈரோடு

பைக்கு ஒரு பை எதற்கம்மா? உங்கள் ஊரில் காடாத் துணி மலிவு, வேண்டுமென்றால் அதில் ஒரு முழம் கிழித்து முடிச்சாகக் கட்டுங்கள், பிறகு அது அடுப்படிக்கு உதவும். மேலே சின்ன அட்டையில் அவர்கள் பெயர் மட்டும். அதையும் பென்சிலால் எழுதுங்கள். அவர்கள் இன்னொருவருக்குக் கொடுக்க நினைத்தால் அழித்துக்கொள்ள வசதியாக இருக்கும்.